கேப்டனுக்கு எந்தக் கால்?

கேப்டன் எந்தக் காலைத் தாங்கி நடப்பார் என்று கேட்டு இயக்குநர் மூன்றாவது முறையாகப் போன் செய்தபோது, அகராதி ஒரு பெரியவரின் மூக்கில் புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நொண்டுவார்னு நீங்கதான் சொன்னீங்க. இடதா வலதா, இப்பவே சொல்லுங்க மேடம். நடிகர் ஒத்தக் கால்ல நிக்கிறார்."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். எனக்குத் தெரியும், வாய்ல வர மாட்டேங்குது."

பொய். அவளுக்குத் தெரியாது.

அகராதி என்பது அவளுக்கு ரசிகர் சங்கம் வைத்த பட்டப்பெயர். 'ஏழாம் எண் படகு' தொடரைப் பற்றி எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்லுவாள் என்பதால் வந்தது. வீட்டில் கணவரும் அதே பெயரால்தான் கூப்பிடுவார், வேறு அர்த்தத்தில். மற்றபடி அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து சொல்கிறவள்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இருபத்தாறு வியாழக்கிழமைகள் ஒளிபரப்பான அந்தத் தொடரை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் சங்கம் கொதித்தெழுந்தது. ஒரு ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்று பன்னிரண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். கம்பெனிக்கும் மாற்றுகிற எண்ணம் இல்லை. ஆனால் பழைய ஆணி எது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பழைய டேப்புகளை அழித்து, அதன்மேலேயே விளையாட்டுப் போட்டிகளைப் பதிவு செய்திருந்தார்கள். கதைப் பிரதியைக் கரையான் முடித்துவிட்டது. நடித்தவர்களில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், அவருக்குத் தான் நடித்ததே ஞாபகம் இல்லை. கிடைத்தது ஒரு பத்திரிகைப் புகைப்படம். அதில் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே ஞாபகசக்தி உள்ள ரசிகர் ஒருவரைக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்க, சங்கம் அகராதியைக் கைகாட்டியது. தொடர் வெளியாகும்வரை வீட்டாரிடம்கூட மூச்சுவிடமாட்டேன் என்று அவளும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் எழுதிக் கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தொடரில் ஒரு காட்சியைக்கூட அவள் பார்த்ததில்லை.

அப்போது அவளுக்கு எட்டு வயது. வீட்டில் டி.வி. கிடையாது. எதிர்வீட்டில் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்பது எதிர்வீட்டு அம்மாவின் சட்டம். அதனால் பன்னிரண்டு வயது அக்கா போவாள், திரும்பி வந்து சொல்லுவாள். சொல்லுவாள் என்றால் சும்மா இல்லை, கேப்டனாக நடப்பாள், வில்லனாக உறுமுவாள், அலையாகக்கூட வருவாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் அது. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. "இந்த வாயை முழுங்கு, அப்புறம்தான் படகு கிளம்பும்" என்று சொல்லிச் சொல்லியே அக்கா அவளுக்குச் சோறு ஊட்டினாள்.

மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள், நான் காதால் பார்த்தேன், இதில் என்ன குறைச்சல் என்று அகராதி தனக்குத்தானே நியாயம் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் படகு அப்படியே திரும்பி வரவேண்டும். அதற்காக எத்தனை பேரோடு வேண்டுமானாலும் மல்லுக்கட்ட அவள் தயார்.

அக்காவுக்குப் போன் போட்டாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நம்ம கேப்டன் எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பார்?"

மிஷின் நின்றது. "இப்ப எதுக்குடி அது?"

"சும்மாதான். சங்கத்துல வினாடி வினா."

"இடது," என்றாள் அக்கா. மிஷின் மறுபடி ஓடியது.

இடது காலோடு பத்து நாள் படப்பிடிப்பு நடந்தது. பதினோராம் நாள் கேப்டன் படியேறும் காட்சி.

"வலது காலை இழுத்துக்கிட்டே ஏறுவாரு பாவம்," என்றாள் அக்கா.

"இடதுன்னு சொன்னியே."

மறுபடி மிஷின் நின்றது. "அது முன்னாடி. நடுவுல ஒரு விபத்து வந்துச்சே. அதுல இடது சரியாகி, வலது போயிடுச்சு. மறந்துட்டியா?"

சொன்னதும் அகராதிக்கு லேசாக ஞாபகம் வந்ததுபோல்தான் இருந்தது. உடனே இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"விபத்தா?" என்றார் அவர். "யாருமே சொல்லலையே மேடம்."

"யாருக்கும் ஞாபகம் இல்லன்னுதானே சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

விபத்து என்றால் படகு மூழ்கவேண்டும். அதற்குத் தொட்டி கட்டவேண்டும். தயாரிப்பாளர் தலையில் கை வைத்தபடி கட்டினார். மூழ்கியவரை யார் காப்பாற்றியது என்ற அடுத்த கேள்வி வந்தது. வாய் பேசாத ஒரு பெண் என்று அக்கா சொன்னாள். யார் பெற்ற பெண் என்று கேட்டதற்கு, வில்லனின் மகள் என்றாள். ஆறு வாரக் கதையில் கட்டைப் பிரம்மச்சாரியாக நடித்து முடித்திருந்த வில்லனுக்கு அவசரமாக ஒரு மனைவியைத் தேடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தார்கள். இயக்குநர் அவளிடம் பேசும்போது 'மேடம்' என்று சொல்வதை நிறுத்தியிருந்தார்.

விஷயம் எப்படியோ கசிந்து சங்கத் தலைவர் காதுக்குப் போனது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஒரு சனிக்கிழமை விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தார்.

"படகு முழுகவே இல்லம்மா. கேப்டன் நொண்டவும் இல்ல. நல்லா நிமிர்ந்து நடப்பாரு. இருபத்தாறு வாரமும் இந்தக் கண்ணால பார்த்தவன் நான்."

"உக்காருங்க சார்," என்று அவரை நாற்காலியில் அமர்த்தி எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினாள். "அந்தக் கடைசி வரியைப் படிங்க."

தலைவர் கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். படிக்க முடியவில்லை.

"அதுக்கு மேல் வரி?"

அதுவும் முடியவில்லை.

"இந்தக் கண்ணா சார் சாட்சி?"

"அப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார் தலைவர். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

அகராதி விடவில்லை. இரண்டு கண்ணாடிக் கூடுகளை மேசைமேல் வைத்து, ஒன்றைப் படகாக்கி, இன்னொன்றைப் பாறையாக்கி, அக்கா சொன்னபடியே படகு மூழ்கும் காட்சியை நடத்திக் காட்டினாள். கேப்டனின் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிவதையும், பேச முடியாத அந்தப் பெண் கத்த வழியில்லாமல் கரையில் தவிப்பதையும் சொன்னபோது தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"அந்தப் பொண்ணு," என்றார் மெதுவாக, "கையில ஒரு விளக்கு வச்சிருந்தாளோ?"

அக்கா விளக்கைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஆனால் படியவைத்த மனிதரை மறுபடி கிளப்பிவிட அகராதிக்கு மனம் இல்லை.

"ஆமா சார். விளக்கு இருந்துச்சு."

"பார்த்தியா. எனக்கும் ஞாபகம் இருக்கு," என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனார் தலைவர். அவர் தலை மறைந்ததும் அவள் இயக்குநருக்குப் போன் செய்து, விளக்கு ஒன்று சேர்க்கவேண்டும் என்றாள். அந்தக் காட்சியை நேற்றுதான் எடுத்து முடித்தோம் என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். மறுபடி எடுங்கள் என்றாள் இவள்.

வெளியீட்டுக்கு முதல் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை தப்பாக இருந்தால்? பன்னிரண்டாயிரம் பேர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் படகு இந்தப் படகு இல்லை என்று ஆகிவிட்டால், ஆஸ்பத்திரி வருடத்து வியாழக்கிழமைகளை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? நினைத்தபோதே அழுகை வந்தது. கணவர் கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அப்போது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சிறப்புக் காட்சிக்கு அக்காவையும் அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ரசிகர்களுக்கு இலவசம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். விளக்கு அணைந்து, திரையில் கேப்டன் இடது காலைத் தாங்கி நடந்து வந்ததும் அரங்கம் கைதட்டியது. படகு மூழ்கியபோது ஒரு சத்தம் இல்லை. வாய் பேசாத பெண் விளக்கோடு ஓடி வந்தபோது முன்வரிசையில் தலைவர் விக்கி விக்கி அழுதார்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஒரு ஆணி மாறலம்மா. அன்னிக்கு எப்படிப் பார்த்தேனோ அப்படியே இருக்கு. இதை விட்டுக்குடுக்காம நின்னியே, உனக்குக் கோடிப் புண்ணியம்."

அகராதிக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த நிம்மதியில் அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா மட்டும் கைதட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஏதாவது தப்பா எடுத்துட்டாங்களா?"

"தப்பு ஒண்ணும் இல்லடி," என்றாள் அக்கா. "ஆனா எதிர்வீட்டம்மா என்னை ஒரு நாள்கூட உள்ள விட்டதில்ல. உன்னைச் சாப்பிட வைக்க அவங்க வாசப்படில உக்காந்து நான் யோசிச்சதெல்லாம் இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"