மரக்குதிரையோடு போக ஓர் ஆள்

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தலை நிறைய மரத்தூளோடு வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் அறிவித்தார்.

"நான் நடிக்கப் போறேன்."

"முதல்ல கை கால் கழுவுங்க," என்றேன்.

அவர் கதவு ஜன்னல் செய்கிற பட்டறையில் தச்சர். பட்டறைக்கு ஒரு சினிமாக் கம்பெனியிலிருந்து வேலை வந்திருக்கிறதாம். கிரேக்க நாட்டுப் பழைய காவியத்தைப் படமாக எடுக்கிறார்கள். நாலு ஆள் உயரத்தில், வயிற்றில் கதவு வைத்த மரக்குதிரை வேண்டும். செய்து முடித்ததும் கழற்றிக் கப்பலில் ஏற்றி, படம் எடுக்கிற தீவில் மறுபடி பூட்ட வேண்டும். குதிரையோடு ஓர் ஆள் போய் இரண்டு மாதம் அங்கேயே தங்க வேண்டும்.

"அந்த ஒரு ஆள் நான்தான்," என்றார்.

என் மடியில் நாலு மாதக் குழந்தை. மூத்தவனுக்கு இரண்டரை வயது. அவன் அப்போது பட்டாணித் தோலைத் தன் காதுக்குள் குடியேற்றிக்கொண்டிருந்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தனியாக. போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. கல்யாணத்தன்று செருப்பு கடித்ததையே நாலாம் நாள்தான் சொன்னேன்.

"போறது போறோம், தச்சனாவே திரும்பி வர்றதா? வேஷத்துக்கு இன்னும் யாரையும் போடலையாம். யாருக்கு எந்த வேஷம் பொருந்தும்னு நானே ஒரு பட்டியல் கொடுக்கப் போறேன். எழுது."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் கையெழுத்து லட்சணமாக இருக்கும். அவர் எழுதினால் உளி சறுக்கின மாதிரி இருக்கும்.

"கதையைச் சொல்லுங்க."

உரித்த பட்டாணியை எடுத்துத் தரையில் இரண்டு படையாக நிறுத்தினார். நாயகன் போருக்குப் போகிறான். பத்து வருஷம் சண்டை. குதிரை வயிற்றில் ஒளிந்து கோட்டைக்குள் புகுந்து ஜெயிக்கிறான். பிறகு வீட்டுக்குக் கிளம்புகிறான். வந்துசேர இன்னொரு பத்து வருஷம்.

"அவ்வளவு தூரமா?"

"பக்கம்தான். வழியில ஒத்தைக்கண் ராட்சசன், பாட்டுப் பாடி மயக்கற பொண்ணுங்க. ஒரு தீவுல ஒரு தேவதை ஏழு வருஷம் இவனை விடவே இல்ல."

"ஏழு வருஷம்."

"தினமும் கரையில உட்கார்ந்து வீட்டை நினைச்சு அழுதான்."

"பகல்லயா?"

அவர் ஒரு படைவீரனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அவன் சம்சாரம்?"

"குழந்தையை வச்சுக்கிட்டு வீட்டுல காத்திருந்தா. வேற என்ன?"

"கிளம்பறப்போ எத்தனை நாள்னு சொல்லிட்டுப் போனாராம்?"

"அது கதையில இல்ல."

"ரெண்டு மாசம்னுதான் சொல்லியிருப்பாரு."

அது அவர் காதில் ஏறவில்லை. வேஷம் பங்கிட ஆரம்பித்துவிட்டார்.

"நாயகன், நான். ஒத்தைக்கண் ராட்சசன், எங்க மேஸ்திரி."

"அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு?"

"பலகை நேரா இருக்கான்னு பார்க்க நாள் பூரா ஒரு கண்ணை மூடிக்கிட்டே நிக்கறாரு. அந்த இன்னொரு கண்ணை நான் பார்த்ததே இல்ல. அப்புறம், கடல்ல ஆறு தலையோட எழுந்து ஆளை முழுங்கற பூதம், உங்கம்மா."

"எங்கம்மாவுக்கு இருக்கற ஒரு தலையிலயே வலி தாங்கலை."

"எழுதுன்னா எழுது. சம்சாரம் வேஷம் உனக்கு. வசனம் கம்மி." திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "இரு, இரு. பட்டியல் மேஸ்திரி கை வழியாத்தான் கம்பெனி மேனேஜருக்குப் போகும். யாரை அனுப்பறதுன்னும் மேஸ்திரிதான் முடிவு பண்ணுவாரு. அவருக்கு மட்டும் நல்ல வேஷமா நீயே பார்த்துப் போட்டுடு. ஆளு குளிர்ந்துடணும்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் நிதானமாக யோசித்து எழுதினேன்.

காலையில் காகிதத்தை நீட்டி, "ஒரு தடவை படிச்சுப் பாருங்க," என்றேன்.

"நான் சொன்னதை நானே படிக்கணுமா?" என்று கையெழுத்துப் போட்டார். மடித்துக் காதில் பென்சில் பக்கத்தில் செருகிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்து கதவை மெதுவாகச் சாத்தினார். அதுவே சரியில்லை.

"மேஸ்திரி படிச்சாரா?"

"படிச்சாரு. ரெண்டு கண்ணையும் திறந்து படிச்சாரு."

"அப்புறம்?"

"அழுதுட்டாரு. என்னைக் கட்டிப் பிடிச்சு, இத்தனை வருஷத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்டான்னாரு. 'நாயகன்: மேஸ்திரி. எந்தப் புயலிலும் ஒரே கண்ணால் கரையைக் கண்டுபிடிப்பவர்.' என்னடி எழுதியிருக்கே?"

"நல்ல வேஷமாப் போடச் சொன்னீங்க. கதை முழுக்கத் தேடினேன். நல்ல வேஷம் ஒண்ணுதாங்க இருந்துச்சு."

"குதிரையோட அவரே போறாராம்! ரெண்டு மாசம் பட்டறைச் சாவி என் கையில. அது போகட்டும். சம்சாரம் வேஷத்துக்கு எதிர்ல என் பேரு எப்படி வந்துச்சு?"

"உங்க இடத்துல அவர் வந்துட்டாரே. உங்களை வெளியே நிறுத்த மனசு வரலை."

ஆறு தலைப் பூதத்துக்கு எதிரில் என் வீட்டுக்காரரின் அக்கா பெயர் இருந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது கைத்தவறு.

மறுநாள் மேஸ்திரி சம்சாரம் வந்தார். கதவருகிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானே எழுதினே தங்கச்சி? அந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே. வீட்டுல தட்டு, டம்ளர், என் பேச்சு, எதையும் ஒரு கண்ணை மூடிக்கிட்டு நேரா இருக்கான்னு பார்க்கற மனுஷன். ரெண்டு மாசம்! ஏம்மா, அந்தக் கதையில இருபது வருஷம்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

"கதை தானேக்கா."

"ம்," என்று பெருமூச்சு விட்டுப் போனார்.

குதிரையைச் செய்து முடித்ததும் ஒரு திங்கட்கிழமை கப்பல் கிளம்பிவிட்டது. சாவிக்காரர் என்பதால் என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கெல்லாம் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிறார். மூத்தவன் அவர் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டுகிறான்.

ஆனாலும் மனுஷருக்கு ஆசை விடவில்லை. குதிரை வயிற்றுக் கதவின் கீல் கடல் காற்றில் துருப்பிடிக்கும், சரிசெய்யத் தன்னால்தான் முடியும், உடனே அழைத்துக்கொள்ளவும் என்று மேனேஜருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாராம். முதல் பக்கத்தை வரி பிசகாமல் அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துத் தலையாட்டினார். இப்போது சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார், கண் சொக்குகிறது, அதனால் இரண்டாம் பக்கத்தில் மட்டும் நான்...

"ஏய், எழுதி முடிச்சியா? கொண்டா, கையெழுத்துப் போட்டுடறேன்!"