நண்டு காலி செய்தால் பார்ப்போம்

கோட்டைப்பட்டினத்து வாடகை வீட்டை விட்டு ஓர் அடி நகர்வதில்லை என்று அழகுமலை முடிவு செய்துவிட்டார். ஆலங்குடியில் மனைவி சொர்ணவல்லி கட்டியிருந்த புதுவீடு அழகானதுதான். ஆனால் அதற்கு எதிர்வீடு மச்சினனுடையது. தினமும் அந்த முகத்தில் விழிப்பதைவிடக் கடலில் குதிக்கலாம். கடலும் பக்கத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். அதற்குமுன் நிலைப்படியில் சங்கு பதிப்பது அவர்கள் வழக்கம். "நல்ல சங்கா வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள் சொர்ணவல்லி. அவர் தேடிப் பிடித்து வாங்கிவந்த சங்கு, தரையில் வைத்ததும் நடந்தது.

"என்னங்க, இதுக்குக் கால் மொளைச்சிருக்கு?"

"துறவி நண்டு. காலிச் சங்குல குடியிருக்கும். சாண் நீளம், பாத்தியா?"

"வெளிய எடுங்க."

"இழுத்தா ரெண்டாப் பிஞ்சிரும். ஒரு உசுரக் கொன்னுட்டா குடிபோறது? அதுவா காலி பண்ணட்டும். அது கெளம்புற அன்னைக்கு நானும் கெளம்புறேன்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

மூன்று நாள் அவர் ராஜா. குடம் குடமாய்க் கடல்நீர் சுமந்து தொட்டியை நிரப்பினார். மத்தி மீனைக் கிள்ளிப் போட்டார். நண்டு அசையவில்லை. "ஆம்பளைன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். சொர்ணவல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழன் மதியம் அவர் தூங்கி எழுந்தபோது அவள் குழாயடியில் சங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலிச் சங்கு. தொட்டியில், அதைவிடப் பெரிய சங்குக்குள், நண்டு புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மீன்காரச் செவந்திகிட்டச் சொல்லி, பெருசா ஒண்ணு வாங்கிப் பக்கத்துல போட்டேங்க. கொடுக்கை உள்ள விட்டு அளந்து பாத்துச்சு. சட்டுனு மாறிருச்சு. அதுக்கு மச்சினன் இல்ல போல."

"நண்டுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. எனக்குக் கெடல. நான் வரமாட்டேன்!"

"அப்ப சத்தியம்?"

"அது நண்டோட போச்சு!"

சொர்ணவல்லி சண்டை போடவில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். "சரிங்க. அந்த உசுரையாச்சும் கடல்ல விட்டுட்டு வாங்க."

வாளியோடு போனார். இடுப்பளவுத் தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டிய கடல் அது. நண்டை விட்டுவிட்டு, கரையில் நின்று, வீட்டில் பேசவேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்த்தார். அங்கே அலை குறைவு. கடல் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டது. மூன்றாம் முறை மிக நன்றாக வந்தது.

அதே வேகத்தில் வந்து கதவை ஓங்கித் தட்டினார்.

"அடியே! லாரியே வந்தாலும் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்!"

கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். கையில் துடைப்பம். உள்ளே வேறு யாருடைய கட்டிலோ கிடந்தது.

"நாங்க இப்பத்தான் குடிவந்தோம். அந்த அக்கா சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஆலங்குடி போக அறந்தாங்கி பஸ் அஞ்சரைக்காம். வாளியோட ஒருத்தர் வந்து கத்துவாரு, கத்தி முடிச்சதும் சொல்லுங்கன்னாங்க."