ரசமட்டம் போட்ட புல்லுத் திடல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் நேராக இருக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்பதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் ரசமட்டம்தான். கொத்தனார்கள் தரையில் வைத்துப் பார்ப்பார்களே, நடுக்கண்ணாடிக்குள் குமிழி ஓடுகிற கட்டை, அதுதான் ரசமட்டம். அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சொந்தப் பெயர் வேண்டுமென்றால் அவர் வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

தொழில், வீட்டுக் கொல்லைகளில் செயற்கைப் புல் விரித்து விளையாட்டுத் திடல் போடுவது. பிள்ளைகள் சிங்கப்பூரில் சம்பாதிக்கிற வீடுகளில் இப்போது அதுதானே மோஸ்தர்! ஆனால் மனுஷனுக்குப் புல்லில் பெரிய அக்கறை இல்லை. அடியில் இருக்கிற தரைதான் உயிர்.

திருமயம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவர் உட்கார்ந்து டீ குடித்ததே இல்லை. "பெஞ்சு அங்கிட்டு அரை இஞ்சு எறங்கிக் கெடக்கு. எப்பிடித்தான் இதுல ஒக்காந்து குடிக்கிறாய்ங்களோ!" என்று நின்றுகொண்டே குடிப்பார். கோட்டை மதில்மேல் கட்டையை வைத்துப் பார்த்து, காவலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். சொந்தக் கல்யாணத்தில் மணவறைப் பலகையையும் விடவில்லை. ஐயர், "நல்ல நேரம் போகுதுப்பா!" என்று கத்த, "இருங்க சாமி, பொண்ணு உருண்டு விழுந்தா நீங்களா பிடிப்பீங்க?" என்று ஒரு பக்கம் வெற்றிலையை மடித்துச் சொருகிவிட்டுத்தான் தாலி கட்டினாராம்.

இப்பேர்ப்பட்டவரை என் வீட்டுக்கு இழுத்து வந்தது என் மனைவி கலைச்செல்வி. அவள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அவளுடைய பிள்ளைகள் ஆடுவது வளையப்பந்து, அதாவது ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். பள்ளி மைதானம் முழுக்கக் கட்டட வேலை ஜல்லி. பிள்ளைகள் தார்ரோட்டில் பாய்ந்து விழுந்து, முழங்காலில் தோலே இல்லாமல் திரிந்தார்கள்.

"ஏங்க, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி வருசம். அடுத்த மாசம் மண்டலப் போட்டியில தோத்தா, அப்புறம் வீட்டுல வளையத்தைத் தொடவே விட மாட்டாக. நம்ம கொல்லை சும்மாத்தானே கெடக்கு?"

சும்மா ஒன்றும் கிடக்கவில்லை. சாயங்காலம் நான் கட்டில் போட்டுப் படுக்கிற இடம் அது. ஆனால் நான் சொல்லி அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது!

ரசமட்டம் வந்தார். நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். பிறகு குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். "டீச்சர் வீட்டு வேலை, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று சோற்றைக்கூட அங்கேயே வைத்துச் சாப்பிட்டார். புல் விரித்த அன்றே பக்கத்து வீட்டு ஆடு ஓடி வந்து ஒரு வாய் கடித்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தியில் அவமானப்பட்ட சம்பந்தி மாதிரி திரும்பிப் போனது.

எல்லாம் முதல் மழை வரைக்கும்தான். விடிந்து பார்த்தால் கொல்லையில் கணுக்கால் தண்ணீர். பச்சைக் குளத்தில் தவளைகள் குடிவந்துவிட்டன. பிள்ளைகள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள்.

போன் பண்ணியதும் ரசமட்டம் தன் வேலையாட்களோடு வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீருக்குள்ளேயே கட்டையை வைத்தார். "பாருங்க டீச்சர், குமிழி நட்டநடுவுல! இந்த ஜில்லாவுலயே இப்பிடி ஒரு மட்டம் கெடையாது!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தக் குளத்திலேயே முக்கியிருப்பேன். என் மனைவி பொறுமையாகச் சொன்னாள்: "அதுதாண்ணே கேடு. மட்டமா இருந்தா தண்ணி எங்கிட்டுப் போகும்? லேசாச் சாய்க்கணும்."

"சாய்க்கிறதா? வேணும்னேவா?" மனுஷன் முகம் செத்துவிட்டது.

மற்ற வீடுகளில் ஏன் தண்ணீர் நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவர் ஆட்கள் வாயிலிருந்து வந்தது. அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் தரையைச் சாய்த்துவிடுவார்களாம். எங்கள் வீட்டில் அவர் நகரவே இல்லையே!

அவர் கட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அணித் தலைவி மும்தாஜ், முழங்கால் கட்டோடு முன்னால் வந்தாள். "கொஞ்சூண்டு சாச்சாப் போதும்ணே. விழுந்தாலும் நாங்க எந்திரிச்சுக்குவோம்."

ரசமட்டம் அவள் முழங்காலைப் பார்த்தார். கட்டையைத் துடைத்து என் மனைவியிடம் நீட்டினார். "இதை உள்ள வச்சுருங்க டீச்சர். கையில இருந்தா என் மனசு கேக்காது."

புல்லைச் சுருட்டி, தரையைக் கொத்தி, மறுபடி வேலை நடந்தது. பிள்ளைகள் குடத்தால் தண்ணீர் ஊற்ற, அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார். "ஓடுதா?"

"ஓடுதுண்ணே! வாழைமரத்துப் பக்கம் ஓடுது!"

"சரி சரி, விளக்கமாச் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ மழை. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. மண்டலப் போட்டியில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். வெற்றி மேடையில் மும்தாஜ் ஏறியபோது, மூன்று படியும் மூன்று உயரத்தில் இருந்ததைப் பற்றி ரசமட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டை எங்கள் ஷோகேஸ் மேலேயே தங்கிவிட்டது. அவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். ஆனாலும் திருமயம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து, பழைய கட்டையின் குமிழியைக் குனிந்து பார்ப்பார். "சார், ஷோகேஸ் இங்கிட்டு எறங்கிருக்கு. ஒரு அட்டையை மடிச்சு வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அடுத்த வாட்டி வந்து பார்ப்பேன்."

அட்டையை மடித்துத் தயாராக வைத்திருக்கிறேன். சொருக மாட்டேன். சொருகிவிட்டால் அந்த மனுஷன் அப்புறம் எதற்கு வரப்போகிறார்?