டார்லாவுக்கு ஒரு பிறந்தநாள் ரிவால்வர்

மனைவி டார்லாவின் பிறந்தநாளுக்கு, தனக்கு ரொம்ப நாளாக ஆசையாயிருந்த பொருள் ஒன்றை வாங்கிக் கொடுப்பது என்று வெர்லின் பிக்கெட் தீர்மானித்தான். இப்படியொரு தியாகி ஓக்லஹோமா மாநிலத்திலேயே கிடையாது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

பொருள், ஒரு ரிவால்வர். அந்த ஊரில் ஒரு கூட்டம் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, அகலத் தொப்பியும் பூட்ஸுமாக அந்தக் காலத்து மாட்டுக்காரர் வேஷம் கட்டிக்கொண்டு, பழைய பாணி ரிவால்வரால் இரும்புத் தட்டுகளை டங் டங்கென்று சுடுவார்கள். பல் டாக்டர் வருவார், தபால்காரர் வருவார், பாதிரியார்கூட வருவார். வருகிற சனிக்கிழமை தானும் சுடப்போவதாக, காபி குடிக்கிற இடத்தில் வெர்லின் பத்துப் பேர் முன்னால் வாயை விட்டுவிட்டான். தொப்பி இருந்தது. பூட்ஸ் இருந்தது. முறைப்பும் தயார். குளியலறைக் கண்ணாடி முன்னால், டார்லா தலைமுடி உலர்த்துகிற மெஷினை இடுப்பிலிருந்து உருவி உருவிப் பழகியதில் அதன் ஒயர் இரண்டு தரம் பிய்ந்துபோயிற்று. ரிவால்வர் மட்டும்தான் இல்லை.

அதற்கு வீட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. நூறு டாலருக்கு மேல் எதை வாங்கினாலும் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சேர்ந்து முடிவு செய்வது என்றால் டார்லா முடிவு செய்வது, வெர்லின் சேர்ந்துகொள்வது. ஆனால் பிறந்தநாள் பரிசுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்தச் சந்தில்தான் நுழையப் பார்த்தான். பழைய டிரம் செட்டை விற்று வந்த முந்நூற்றைம்பது டாலரை ஒரு கவரில் போட்டு, ரிப்பன் கட்டி, காலை உணவின்போது டார்லாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்னது இது?"

"உன் பாதுகாப்பு, கண்ணு. நான் பஸ் டிப்போ வேலைக்குப் போயிட்டா நீ தனியா இருக்கியே. பாம்பு இருக்கு, ஓநாய் இருக்கு. உனக்குன்னு ஒரு ரிவால்வர் வேண்டாமா?"

டார்லா முட்டையை நிதானமாக வெட்டினாள். "போன கோடையில கோழிக்கூண்டுல பாம்பு வந்துதே. யாரு அடிச்சா?"

"நீதான்."

"எதால?"

"மண்வெட்டியால."

"நீ எங்க இருந்தே?"

"லாரி மேல நின்னு பாம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அதுவும் வேணுமில்ல?"

அவள் கவரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவனையே பார்த்தாள். "வெர்லின், உனக்கு ஒண்ணு வேணும்னா நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்."

"எனக்கா? எனக்கு எதுக்கு ரிவால்வர்? நான் என்ன சின்னப் பையனா?"

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு துறவிக்கு உள்ள அமைதி இருந்தது.

ரோஸ்கோவின் துப்பாக்கிக் கடை, டிராக்டர் சாமான் கடைக்கு அடுத்த வாசல். ரோஸ்கோ பெரிய தொந்தியும் சின்னக் குரலுமான மனிதர். டார்லாவைக் கண்டதும், "வாங்கம்மா, அந்த..." என்று ஆரம்பித்தவர், பின்னாலேயே வெர்லின் வருவதைப் பார்த்ததும் இருமத் தொடங்கிவிட்டார்.

"முதல் ரிவால்வர், ரோஸ்கோ. முந்நூற்றைம்பதுக்குள்ள. என் பொண்டாட்டிக்கு" என்றான் வெர்லின், கடைசி வார்த்தையைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

ரோஸ்கோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தார். உருளையைத் திறந்து, குண்டு இல்லை என்று காட்டி, அப்படியே மேஜைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி.

வெர்லினுக்கு இது வேண்டாம். இதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை போனால் பாதிரியாரே சிரிப்பார். ஆனாலும் நடுநிலையாக இருப்பதுபோல் காட்ட வேண்டுமே. "ஆகா, லேசா இருக்கு. பொம்பளைங்க கைக்கு லேசா இருந்தாத்தானே நல்லது."

"லேசா இருந்தா சுடும்போது கையில உதை ஜாஸ்தி" என்றாள் டார்லா. "கனமா இருந்தா அந்தக் கனமே உதையை வாங்கிக்கும். இல்லையா ரோஸ்கோ?"

"அதேதாம்மா" என்றார் ரோஸ்கோ.

வெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்தான். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தான். யோசனை அவனுக்குப் பழக்கமில்லாத வேலையாகையால் அதோடு விட்டுவிட்டான்.

அடுத்தது விலை மலிவான புதுசு. டார்லா விசையை இழுத்துப் பார்க்க அனுமதி கேட்டு, இழுத்துப் பார்த்தாள். "கதவு கீல் மாதிரி கரகரங்குது." மூன்றாவது, போலீஸ்காரர் யாரோ வைத்திருந்து விற்ற பழசு. அதன் பின்பக்கத்துச் சுத்தியலை இழுத்துப் பிடித்துக்கொண்டு உருளையை விரலால் அசைத்தாள். "ஆடுது. என் மாமியாரோட பல்லு மாதிரி." அம்மாவை இழுத்ததற்குக் கோபப்பட வேண்டும் என்று வெர்லினுக்குத் தோன்றியது. பிறந்தநாள் என்பதால் விட்டுக்கொடுத்தான்.

அவன் மெல்லக் காய் நகர்த்தினான். "கனமா வேணும்னா, நீளக் குழலா, மரக் கைப்பிடி போட்டு, பழைய மாடல்ல ஏதாவது பார்க்கலாமே கண்ணு. உன் கைக்கு அழகா இருக்கும்."

"என் கைக்கா, உன் கைக்கா?"

"ஐயோ, உனக்குத்தான்! நான் அதைத் தொடக்கூட மாட்டேன்."

ரோஸ்கோவுக்கு மறுபடியும் இருமல் வந்தது. டார்லா பெருமூச்சு விட்டாள். "சரி ரோஸ்கோ. உள்ள இருக்கே, அதைக் கொண்டுவாங்க."

ரோஸ்கோ உள்ளேயிருந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். வெர்லின் மேஜைமேல் எக்கிப் பார்த்தான். நீளக் குழல். கருநீல மினுமினுப்பு. வால்நட் மரக் கைப்பிடி. முன்பு ஆறு மாதமாக இந்தக் கடை ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்து அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே சாமான்! வசந்தகாலத்தில் ஒருநாள் ஜன்னலில் காணாமல் போனபோது, எவனோ தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று இரண்டு வேளை சாப்பாடு இறங்காமல் கிடந்தான். இப்போது அவளே கேட்டு வரவழைக்கிறாள்! தன் மூளையை நினைத்து அவனுக்கே பயமாக இருந்தது.

"விலை?" என்றான்.

"அதை நாங்க பேசிக்கறோம்" என்று டார்லா கவரை அப்படியே ரோஸ்கோவிடம் கொடுத்தாள். அவர் எண்ணிவிட்டுக் கொஞ்சம் திருப்பியும் கொடுத்தார். இவ்வளவு மலிவா என்று வெர்லின் மலைத்தான்.

ரோஸ்கோ அரசாங்கப் படிவத்தை மேஜைமேல் வைத்தார். சின்னக் குரலைப் பெரிதாக்கிக்கொண்டார். "இதை வாங்கறது நிஜமா யாருன்னு இதுல கேக்குது. விளையாட்டு இல்ல, பொய் எழுதினா ஜெயில். யாருக்குங்க இது?"

டார்லா பேனாவைக் கையில் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, ஏதோ ஒரு கெஞ்சல்தான் இருந்தது. "சொல்லு வெர்லின். நல்லா யோசிச்சுச் சொல்லு. எழுதிட்டா மாத்த முடியாது. உனக்கா, எனக்கா?"

உண்மையைச் சொன்னால் காலையிலிருந்து நடத்திய நாடகமெல்லாம் பாழ். காகிதத்தில் யார் பேர் இருந்தால் என்ன, அலமாரி ஒன்றுதானே! வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினான்.

"உனக்குத்தான் கண்ணு. முழுக்க முழுக்க உனக்கு."

டார்லா வரிவரியாகப் படித்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டாள். ரோஸ்கோ அரசாங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி அனுமதி வாங்கினார். எல்லாம் முடிந்ததும் வெர்லின் கூரையைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "வர்ற சனிக்கிழமை மட்டும் ஒரு நாள் இரவல் வாங்கிக்கறேன்" என்றான்.

"சனிக்கிழமையா? அடடா. அன்னிக்கு எனக்கு வேணுமே."

"உனக்கு எதுக்கு?"

"தட்டு சுடற கூட்டத்துக்கு உன் பேரைத்தான் குடுத்து வச்சிருந்தேன். நேத்து பாதிரியாரைப் பார்த்துக் காசும் கட்டியாச்சு. நீதான் தொடக்கூட மாட்டேன்னுட்டியே, நானே போறேன்."

விசையைச் சுற்றியிருந்த வளையத்தில் ஒரு சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டார்லா நூலை அவிழ்த்துச் சீட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ரோஸ்கோவின் கிறுக்கல் கையெழுத்து. ஏப்ரலில் தொடங்கி மாதாமாதம் அவள் இந்த ரிவால்வருக்குக் கட்டிய தவணைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே கொட்டை எழுத்தில்: 'வெர்லின் பிறந்தநாளுக்குப் பரிசு. அவரிடம் மூச்சு விட வேண்டாம்.'

வெர்லின் அதை மூன்று தரம் படித்தான். தன்னையே சுட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் அவளிடம்தான் இரவல் கேட்க வேண்டும்.

"டார்லா... நான் வந்து..."

அவள் அவன் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு, மீதிப் பணத்தோடு ரோஸ்கோ பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு இவருக்குக் காது அடைக்கிற மூடி ஒண்ணு குடுங்க ரோஸ்கோ. சனிக்கிழமை நான் சுடும்போது பக்கத்துல என் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்."