பிசின் போடலாமா என்று கேட்ட அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மாமனாரும் மகளும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் ஐஸ்கிரீம் கடையின் சாக்கடை நலமா என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னும் முழுசாகத் தண்ணீர் இறங்கவில்லை என்று அத்தான் சொன்னார்.

நீ என் போனை எடுப்பதில்லை. அத்தான் எடுக்கிறார். எடுத்து, "அவ வெளிய போயிருக்காம்மா" என்கிறார். பின்னாலிருந்து, "வர நேரமாகும்னு சொல்லுங்க" என்று உன் குரலே கேட்கிறது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் நாலு வரியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் வாய் வழியாகச் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்த கதையில் நான்தான் வில்லி என்று கேள்விப்பட்டேன், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் கடைக்கு வந்த மருந்துக்கடைக்காரர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "என்னம்மா, மரத்துப் பிசின்னு போட்டிருக்கு? கவர் ஒட்டறதையா குழந்தைங்களுக்குக் குடுக்கறீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நீ உடனே எனக்குப் போன் செய்தாய். உணவில் சேர்க்கிற பொருள்களை ஆராய்ந்து கருத்துச் சொல்லும் ஆபீஸில் தங்கை இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பாய்? அதிலும் அந்தப் பிசின்தான் அப்போது என் மேஜையில் இருந்தது. நீ கூப்பிட்ட நேரத்தில், அதைத் தின்ற எலிகளின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய் சந்தேகம், இந்தப் பிசின் தூளைத்தானே நீ பார்த்துட்டு இருக்க? கடை நிறைய ஆளு நிக்குது. சட்டுனு சொல்லு, போடலாமா, கூடாதா?"

"அக்கா, கிடைச்ச தகவலை வச்சுப் பார்த்தா, நீ போடற அளவுக்கு, கவலைப்படறதுக்குக் காரணம் எதுவும் இதுவரைக்கும் தென்படலை."

நீ ஃப்ரீசர் மூடியைப் படாரென்று சாத்துவது கேட்டது.

"இதுவரைக்கும்னா?"

"இதுவரைக்கும்னா, இதுவரைக்கும்."

"அப்ப இன்னும் தேடிட்டு இருக்கீங்க."

"ஆமாக்கா. அதுதானே எங்க வேலை."

போனை வைத்துவிட்டாய். அக்கா, நான் சொன்னதைவிட நல்ல சான்றிதழ் எங்கள் ஆபீஸிலேயே கிடையாது. அந்த ஒரு வரியை வாங்குவதற்குக் கம்பெனிக்காரர்கள் எங்கள் வாசலில் தவம் கிடக்கிறார்கள், கிடைத்ததும் கேக் வெட்டுகிறார்கள். 'பாதுகாப்பானது' என்று ஒரே வார்த்தையில் அங்கே யாரும் எழுத மாட்டார்கள். எனக்கு நீ சந்தேகம் என்று பெயர் வைத்த மாதிரி, எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒருவேளை சார். வெளியே மழையா என்று கேட்டால் எழுந்து ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு, "இந்த ஜன்னல் பக்கம் பெய்யுது" என்பார். அந்த மனிதரோடு பல வருஷம் குப்பை கொட்டியவளிடம் நீ 'சட்டுனு சொல்லு' என்றால் நான் எங்கே போவேன்?

அதற்கு நீ செய்ததுதான் தாங்க முடியாதது. டின்னோடு தூளைக் கடைக்குப் பின்னாலிருக்கும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயையும் திறந்துவிட்டாய், சாக்கடையே அடைத்துக்கொண்டது. தண்ணீரைக் கண்டால் அது பல மடங்கு ஊதும் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் நீ கேட்டிருந்தால் 'ஒருவேளை', 'இதுவரைக்கும்' எதுவும் இல்லாமல் பளிச்சென்று சொல்லியிருப்பேன். குழாய் ரிப்பேர்க்காரர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள ஏதோ உசிரோட இருக்கு, நான் இழுத்தா அதுவும் இழுக்குது" என்று பின்வாங்கினாராம். அத்தான் அதைச் சொல்லிச் சிரிக்க, நீ அவரோடும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். அதோடு விட்டதா? பிசின் இல்லாமல் நீ செய்த ஐஸ்கிரீம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாறையாக நின்றது. தலைமை ஆசிரியை பலம்கொண்ட மட்டும் கரண்டியை அழுத்தியதில் ஒரு கட்டி எகிறிப் போய்ச் சிறப்பு விருந்தினரின் மடியில் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்களாம், அன்றைய நிகழ்ச்சிகளிலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டலாம்.

இப்போது தலைமை ஆசிரியை, பழைய மாதிரி மெத்தென்று இருந்தால்தான் அடுத்த வருஷ ஆர்டர் என்கிறார். பழைய மாதிரி என்றால் பிசின் வேண்டும். பிசின் என்றால் மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்ட பெற்றோர்கள் விடமாட்டார்கள். "உங்க தங்கச்சிதான் அந்த ஆபீஸ்ல இருக்காங்களே, நல்லதுன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, போதும்" என்று தலைமை ஆசிரியையே சொல்லிவிட்டார். நீயும் அத்தானிடம், "அவளால ஒரு வரி வளைக்காம எழுத முடிஞ்சா எழுதட்டும், இல்லேன்னா எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்பினாய். அவரும் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார். அவர் நல்லவர். (பார், இதைச் சொல்லும்போதுகூட 'எனக்குத் தெரிந்தவரை' என்று கை தானாக எழுதப் போனது. அடக்கிக்கொண்டேன்.)

போன வாரம் அந்தப் பிசின் குழுக் கூட்டத்துக்கு வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். ஆராய்கிற பொருளோடு வீட்டில் யாருக்காவது சம்பந்தம் இருந்தால், ஆரம்பத்திலேயே எழுந்து சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நான் எழுந்தேன்.

"சார், எங்க அக்கா ஐஸ்கிரீம் கடை வச்சிருக்காங்க. இந்தத் தூளைத்தான் போடறாங்க."

"இப்பவும் போடறாங்களா?"

"இல்லை சார். கடைசியா சாக்கடையில போட்டாங்க."

ஒருவேளை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்காவும் நீங்களும் எப்படி?"

"இப்போ பேசறதில்லை சார்."

"சுத்தமாவா?"

"போனையே எடுக்கறதில்லை."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்படின்னா சம்பந்தம் இருக்கறதா ஒருவேளை எடுத்துக்க வேண்டாம். நீங்க உக்காரலாம்."

உட்கார்ந்தேன். அக்கா, உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஏழெட்டுப் பேர் தலையாட்டி ஒப்புக்கொண்ட அறையில் உட்கார்ந்து எலிகளைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அளவுக்கு மீறிப் பிசின் தின்ற எலிகள் ஏன் கொஞ்சம் இளைத்தன, வயிறு பிசினால் நிறைந்துவிட்டால் தீனி எப்படி இறங்கும், இதெல்லாம் சொன்னேன். பால்குடிக் குழந்தைகளுக்கும் சரிதானா என்று ஒருவர் கேட்டார், அதற்குத் தனித் தகவல் வேண்டும் என்று முடிவை வருகிற புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்ததும் உன் நம்பரைப் பாதி அழுத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

சரி, கூட்டம் எழுதுவதைக் கூட்டம் எழுதட்டும், அக்காவுக்கு எழுத வேண்டியதை நம் வயிற்றை வைத்தே எழுதுவோம் என்று அந்தத் தூளை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஐஸ்கிரீம் செய்தேன். பாலில் தூவியதும் தவளை முட்டை மாதிரித் திரண்டுவிட்டது. நீ சர்க்கரையோடு கலந்துதான் தூவுவாய் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பிசின் போட்டது, மகளுக்குப் போடாதது, யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, மாமனார் இரண்டையும் தொடக் கூடாது, எதுவும் சாப்பிடாத ஆள் ஒருத்தர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று ஏற்பாடு செய்தேன். நான் குறிப்பெழுதப் பேனா தேடிவிட்டு வருவதற்குள் மாமனார் இரண்டு கிண்ணத்தையும் வழித்திருந்தார். மகள், "அம்மா, தாத்தாதான் எடுத்துட்டாங்க" என்று புகார் சொன்னாள். என் வீட்டுக்காரர் தப்பித்த சந்தோஷத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாமா இருந்தது?"

"ரெண்டாவதா சாப்பிட்டது நல்லா இருந்துச்சும்மா."

"எதை அடிப்படையா வச்சு சொல்றீங்க?"

"நாக்கைத்தான்."

அந்தப் பதில் என்னை என்னவோ செய்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும், நாக்கை நம்பி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்லூரி கேண்டீனில், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று இவர் கேட்டபோது, "மறுக்கறதுக்குக் காரணம் எதுவும் தெரியலை" என்றேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் அவர் காபி கொடுப்பதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பாடிவிட்டு ஓடிவந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள். "நான் உக்காந்திருந்த இடத்துக்கு நல்லாவே கேட்டுது" என்றேன். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது வளைத்துப் பேசுகிற ஆசையால் வந்ததில்லை, பயத்தால் வந்தது. நாங்கள் அசட்டையாக எழுதும் ஒரு வார்த்தையை நம்பி எங்கோ ஒரு குழந்தை வாயைத் திறக்கும். அந்த எலிகளின் எடையை வரிவரியாகப் படித்தபோதெல்லாம் எனக்கு உன் கடை வாசல்தான் கண்ணில் நின்றது. கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எந்த நிறம் வாங்குவது என்று தெரியாமல் நிற்குமே பிள்ளைகள், அவர்களுக்காகத்தான் படித்தேன். படித்து முடித்துவிட்டேன். பயம் போய்விட்டது. அதை உன்னிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, ஆபீஸ் பெயரில் அல்ல, உன் தங்கையாக எழுதுகிறேன். அந்தப் பிசின் நல்லது. போடு. இந்த வரியைத் தலைமை ஆசிரியையிடம் தாராளமாகக் காட்டு, மருந்துக்கடைக்காரர் கண்ணில் படும்படி கடையிலும் ஒட்டு. ஒட்டுவதற்கும் பிசின் வேண்டும், அதற்கு இந்தத் தூளை வீணாக்காதே. கோபத்தை விட்டுவிட்டு இந்தக் கடிதம் கண்டதும் போன் செய்.

அத்தானுக்கு என் வணக்கம். குழாய் ரிப்பேர்க்காரரிடமும் விசாரித்ததாகச் சொல். உன் கடை குளிர்ந்து, உன் மனசும் குளிர்ந்து, இரண்டும் பாறையாகிவிடாமல் மெத்தென்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை,
சந்தேகம்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய பிறகு மறுபடி பிரித்துவிட்டேன். மேலே 'நல்லது' என்று இருப்பதை, ஐஸ்கிரீமில் நீ போடுகிற அளவுக்கு, இதுவரை கிடைத்த தகவலின்படி, பால்குடிக் குழந்தைகள் நீங்கலாக என்று சேர்த்துப் படித்துக்கொள். இன்னொன்று. புதன்கிழமை ஒருவேளை சார் மறுபடியும், "அக்காவோட இப்போ எப்படி?" என்று கேட்பார். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை என்று சொல்லும்படி இருக்க வேண்டும். நீ பேசிவிட்டால் பேசிவிட்டாள் என்றுதான் சொல்வேன், எனக்குப் பொய் வராது. உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்த எலிகளை முழுசாகப் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் தயவுசெய்து கோபத்தை விட்டுவிடாதே, போன் செய்யாதே, தலைமை ஆசிரியையிடம் இதைக் காட்டாதே, கடையில் எதையும் ஒட்டாதே. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். மருந்துக்கடைக்காரரையும் கூப்பிட்டு வை. எல்லோரும் பார்க்க உன் கடையில் நின்று இரண்டு கப் சாப்பிடுகிறேன். மூன்றாவது கப்பைப் பற்றிச் சொல்ல இப்போதைக்கு என்னிடம் போதிய தகவல் இல்லை.