தங்கம் வென்ற பக்கம்புரட்டி

புத்தகம் வாசிக்கும் கலை உலகில் எங்கே தோன்றியது என்பதில் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்காமலே பக்கம் புரட்டும் கலை எங்கே தோன்றியது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் வேண்டாம். பினாங்கு, ஜார்ஜ் டவுனில், பெயரைச் சொன்னால் தற்பெருமையாகிவிடும் என்று நாம் சொல்லாமல் விடுகிற ஒரு தமிழ்ப்பள்ளியில்தான் அது தோன்றியது.

அந்தப் பள்ளியின் நூலகப் பொறுப்பாசிரியை நிரோஷா. நூலகத்தில் நூல் இல்லாததால் வேலை இலேசு. போன ஆண்டுவரை நூல்கள் இருந்தன. அப்புறம் பள்ளிக்குச் 'சிறந்த நூலகம்' விருது கிடைத்துவிட்டது. ஆளுயரக் கோப்பை. அவ்வளவு பெரிய பெருமையை வைக்க வேறு இடம் ஏது? தலைமையாசிரியை ஞானாம்பிகை அலமாரிகளை ஒழிக்கச் சொன்னார். புத்தகங்கள் பெட்டிகளில் ஏறி, மண்டப மேடைக்கு அடியில் போய் ஒதுங்கின. பின்னால் வந்த கோப்பைகள் மிச்ச இடத்தையும் நிரப்பின.

"புத்தகம் எந்தக் கடையிலயும் கிடைக்கும், நிரோஷா. இந்தக் கோப்பை கிடைக்குமா?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

நிரோஷாவிடம் பதில் இருந்தது. ஆனால் கடலுக்கு அப்பால் தாசேக் கெலுகோரில் ஒரு பள்ளிக்கு ஆசிரியை தேவைப்படுவதாக அதே மூச்சில் தலைமையாசிரியை சொல்லிவைத்தார். நிரோஷாவின் வீடு தீவிலேயே, பாயான் பாருவில். தினமும் பாலம் கடந்து போய்வருவதை நினைத்ததும் புத்தகப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள்.

இப்பள்ளியில் கல்வி நான்கு கட்டங்களைக் கொண்டது: பதாகை, படம், பதிவேற்றம், பாராட்டு. மரம் நடு விழாவில் எல்லா வகுப்புகளும் ஒரே கன்றை நட்டன. கன்று இன்னும் பிளாஸ்டிக் பையில்தான் இருக்கிறது, நல்ல சுகம். கை கழுவும் இயக்கத்தன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. படத்தில் அது தெரியாது. படம் எடுப்பதும் நிரோஷாவின் பொறுப்புதான்.

இந்த மண்ணில்தான் 'தானியங்கிப் பக்கம்புரட்டி' பிறந்தது. ஐஸ்கிரீம் டப்பா, அதற்குள் ஒரு சிறு மோட்டார், மேலே ரப்பர் சக்கரம். மோட்டாரைப் பொருத்தியவர் தொழிற்சாலையில் வேலை செய்யும் நிரோஷாவின் கணவர். மாணவர்களின் ஆராய்ச்சிப் பங்களிப்பு, டப்பாவுக்கு நீல வர்ணம். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த 'அனைத்துலகப் புத்தாக்கப் போட்டி'யில் அதற்குத் தங்கம் கிடைத்தது. அன்று தங்கம் வாங்காமல் வீடு திரும்பியவர் கார் நிறுத்துமிடத்துக் காவலாளி ஒருவர்தான்.

கருவியை விளக்கிப் பேசியவள் நான்காம் ஆண்டு மாணவி இஸ்ஸதி. வெண்கலக் குரல். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். நிரோஷா பேச்சைத் தாளில் எழுதிக்கொடுத்த அன்று அவள் அதை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், நான் பின்னாலயே சொல்றேன்."

நிரோஷாவுக்கு அப்போதே விஷயம் புரிந்தது. நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

"டீச்சர், இஸ்ஸதிக்கு எழுத்து தெரியுது, கூட்டி வாசிக்க வரல. தினம் அரை மணி நேரம் அவள எங்கிட்ட விடுங்க."

"போட்டி முடியட்டும் பிள்ளை."

போட்டி முடிந்தது. அடுத்த போட்டி வந்தது. அதற்கும் அடுத்தது வரிசையில் நின்றது.

பாராட்டு விழாவில் முதல் நாற்காலியில் அப்துல் ரசாக் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், நாசி கண்டார் சோற்றுக்கடை முதலாளி, இஸ்ஸதியின் அத்தா. மகளின் பதக்கங்களைக் கல்லாவுக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டிருப்பவர். அன்று மகளுக்குப் பரிசாக ஒரு கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்குள் நெடுநாளைக்குப் பிறகு நுழைந்த முதல் புத்தகம் அது. அதை அவரே மேடையேறிப் பக்கம்புரட்டியின் மேல் வைத்தார்.

"மெஷின் திருப்பட்டும், நீ வாசிம்மா. அத்தா கேக்குறேன்."

பக்கம்புரட்டி அதுவரை வெற்றுத்தாளை மட்டுமே புரட்டிப் பழகியது. எழுத்துள்ள பக்கத்தைக் கண்டதும் கர்ரென்று உறுமி, முதல் பக்கத்தைப் பாதியாகக் கிழித்து, முதலைப் படம் போட்ட பக்கத்தில் போய் நின்றது. இஸ்ஸதி பக்கத்தைப் பார்த்தாள். கீழே நிரோஷாவைப் பார்த்தாள். நிரோஷா மேடையேறி எதையாவது சொல்லித் தடுத்திருக்கலாம். அவள் கையில் கேமரா இருந்தது. கேமராவைப் பிடித்தபடியே நின்றாள்.

இஸ்ஸதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களே! வாசிப்பை உயிராய் நேசிக்கும் மாணவர்களின் விரல்வலியைப் போக்கவே..."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஞானாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டாதவர் அப்துல் ரசாக் ஒருவர்தான்.

"ம்மா, இதுல முதலைல்ல போட்டிருக்கு? நடுவரு எங்கேருந்துலா வந்தாரு?"

சபை சிரித்தது. அப்துல் ரசாக் சிரிக்கவில்லை. குனிந்து மெல்லக் கேட்டார். மைக் அவரைவிட விசுவாசமாக வேலை செய்தது.

"வாசிக்க வருமா, வராதா?"

"வராதுத்தா."

அப்துல் ரசாக் நிமிர்ந்து ஞானாம்பிகையைப் பார்த்தார்.

"நானும் இங்கதான் டீச்சர் படிச்சேன். அப்ப கப்பும் இல்ல, மெடலும் இல்ல. மழை பேஞ்சா வகுப்புக்குள்ள கொடை பிடிப்போம். ஆனா மூணாம் வகுப்புலயே எங்கத்தாவுக்கு பேப்பர் வாசிச்சுக் காட்டினேன். எம்பிள்ளைக்கு மெடல் மாட்ட கடையில செவுரு பத்தல. ஒரு வரி வாசிக்கத் தெரியலியே!"

வேறொரு பள்ளியாக இருந்தால் இந்த இடத்தில் தலைகுனிந்திருக்கும். ஞானாம்பிகை மைக்கை வாங்கினார்.

"பார்த்தீர்களா, இதுதான் நம் பள்ளியின் வெளிப்படைத்தன்மை! 'வாசிப்பு மீட்பு இயக்கம்' இந்த மேடையிலேயே பிறக்கிறது!"

மீண்டும் கைதட்டல். அதற்கிடையே அப்துல் ரசாக் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். நிரோஷாவின் முன்னால் நின்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

அவள் ஆமென்று தலையாட்டினாள். அவர் மகளை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையே பதாகை வந்தது. மாணவர்கள் அதன்கீழ் வரிசையாக உட்கார்ந்தார்கள். நிரோஷா கேமராவை இறக்கினாள்.

"டீச்சர், புத்தகம்?"

மேடைக்கு அடியிலிருந்த பெட்டிகளை ஒலிபெருக்கிகள் மறித்துக்கொண்டிருந்தன. முதலைப் புத்தகமோ பக்கம்புரட்டியோடு கண்ணாடிப் பேழைக்குள் 'வரலாற்றுச் சான்றாக'ப் பூட்டப்பட்டுவிட்டது.

"கையை மட்டும் விரிச்சு வைக்கச் சொல்லு," என்றார் ஞானாம்பிகை. "புத்தகத்தை எடிட்ல போட்டுக்கலாம்."

அந்தப் படம் பெரும் வெற்றி. ஒரு தமிழ் அமைப்பு அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து கோப்பையே அனுப்பிவைத்தது. அதைத் துடைத்து நூலகத்தில் வைக்கும் பணி, முறைப்படி, நூலகப் பொறுப்பாசிரியையிடம் வந்தது.

நிரோஷா கோப்பையை மேசைமேல் வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அந்த அறையில் எழுத்து என்று இருந்ததெல்லாம் கோப்பைகளின் வயிற்றில்தான். போய் நான்காம் ஆண்டு வகுப்பிலிருந்து இஸ்ஸதியை அழைத்துவந்தாள்.

"இதுல என்னா எழுதியிருக்கு, டீச்சர்?"

"நான் சொல்லமாட்டேன். நீ வாசி. என்னைத் தாசேக் கெலுகோருக்கு மாத்தினா மாத்தட்டும், நீ நிதானமா எழுத்துக்கூட்டு. வெரல வச்சுக்க."

இஸ்ஸதி விரலை வைத்தாள். வியர்த்த விரல் பளபளப்பில் வழுக்கியது.

"சி... ற... ந்... த. சிறந்த!"

"அடுத்தது?"

"வா... சி... ப்... பு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாசிப்பு! டீச்சர், வாசிப்புன்னு போட்டிருக்கு!"

நிரோஷாவுக்குக் கண் கலங்கியது. அப்போது கதவு திறந்தது.

"என்ன வேலை இது?" ஞானாம்பிகை பதறிப்போனார். "கோப்பை முழுக்கக் கைரேகை! துடைச்சு உள்ள வை!"

சாதனைகள் நிறைந்த அந்த ஆண்டில் அப்பள்ளியில் ஒரு பிள்ளை வாசித்தது அந்த ஒருமுறைதான். யாரும் படம் எடுக்காததால், அது பள்ளி நடவடிக்கைப் பதிவில் சேரவில்லை.