நூற்று நாற்பத்து மூன்று புள்ளிகளும் பத்திரம்

உதகமண்டலம்,
ஜூன் 9.

தொண்டியில் படகும் பரக்கத்துமாக வாழும் அன்பு மருமகன் நௌமான் அவர்களுக்கு, ஊட்டி பஜாரிலிருந்து மாமனார் அப்துல் கஃபார் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியார் ஹபீபுன்னிசாவும் இறைவன் கிருபையால் நலம். அங்கு நீங்களும், என் மகள் ஹுமாவும், மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா கட்டிக் கிடக்கும் படகும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் ஆகாதா என்று ஹுமா கேட்பாள். ஆகாது. நாற்பது வருஷம் ரேடியோவும் கடிகாரமும் ரிப்பேர் பார்த்தவன் நான். என்ன வேலை செய்தேன் என்று எழுதி வைக்காமல் ஒரு பொருளையும் கடையை விட்டு அனுப்பியதில்லை.

முதலில் நல்ல செய்தி. போன மாதம் நீங்கள் விட்டுப்போன படகு ஜிபிஎஸ் பெட்டி பிழைத்துக்கொண்டது. அதைச் சென்னைக்கு அனுப்பினால்தான் ஆகும் என்று உங்கள் ஊர் மெக்கானிக் கைவிரித்துவிட்டார், நான்தான் "மாமா நான் இருக்கேன்ல" என்று வாங்கிக்கொண்டேன். பிடுங்கிக்கொண்டேன் என்று ஹபீபுன்னிசா சொல்கிறாள், அது அவள் பேச்சு. பஸ் கிளம்பும்போதுகூட நீங்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாமா, பெட்டி போனாலும் போகட்டும். உள்ள இருக்குற நூத்தி நாப்பத்தி மூணு புள்ளியும் பத்திரம். மீன் கிடக்குற எடம், வலை கிழிக்கிற பாறை எல்லாம் எங்க வாப்பா காலத்துலேர்ந்து சேத்தது. எங்க சின்ன வாப்பா கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது" என்று கத்தினீர்கள். மறப்பேனா? உங்கள் வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி, ரெண்டு படகை வைத்துக்கொண்டும் மனுஷன் உங்கள் பின்னாலேயே வந்து வலை விடுகிறாராமே! பதினைந்தாம் தேதி தடை முடிந்து எல்லோரும் கடலுக்குப் போகும்போது என் மருமகன் திசை தெரியாமல் நிற்கக் கூடாது என்றுதான் இந்த ஒரு மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பெட்டியில் முதலில் உயிரே இல்லை. கேத்தி கேரட் வியாபாரி லிங்கசாமி என் பழைய சிநேகிதர், அவர் பிக்கப் வண்டியின் பேட்டரியைக் கழற்றி இதற்குக் கொடுத்தேன். கண் திறந்து பார்த்தது, உடனே மூடிக்கொண்டது. ஒயர் முனையைப் பார்த்தால் உப்பு பூத்துப் பச்சை பிடித்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தேன். யாருடைய பிரஷ் என்பது ரெண்டு நாள் கழித்துத்தான் ஹபீபுன்னிசாவுக்குத் தெரிந்தது. இன்னொன்று. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று நிக்காஹ் பேசும்போது உங்கள் வீட்டில் சொன்னார்கள். நான் எதுவும் கேட்கவில்லை.

உயிர் வந்ததும், சாட்டிலைட் தேடுகிறேன், தேடுகிறேன் என்று அதே பாட்டு. தகரக் கூரைக்கு அடியில் அது எங்கே கிடைக்கும், பக்கத்துக் கட்டிட மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். அங்கே ஒன்பது கிடைத்தது. ஆனால் மேப் வெறும் வெள்ளையாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. ஸ்கிரீன் அவுட் என்று முடிவுகட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். பக்கத்துச் செல்போன் கடை இலியாஸ் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாய், அது கடல் மேப்புங்க. ஊட்டில கடல் எங்கீங்க இருக்குது?" என்றான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா என்றுதான் பார்த்தேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சரி, தண்ணீரில் வைத்தால்தானே தெரியும் என்று லிங்கசாமியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போய் மிதிபடகு எடுத்தேன். சீசன் கூட்டம். சுற்றிலும் கல்யாணம் ஆன புதுசுகள் கையைக் கோத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள், நடுவில் நாங்கள் ரெண்டு கிழங்கள், காலுக்கு இடையில் பேட்டரி, மடியில் ஜிபிஎஸ். ஒரு பெண் எங்களையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். நாங்கள் போன வழியைப் பெட்டி அழகாகக் கோடு போட்டுக் காட்டியது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் ஆழம் பத்தவில்லை என்று அலாரம் அடித்தது பாருங்கள், கரையில் நின்ற குதிரை மிரண்டது! "ஏனுங்க பாய், முழுகப் போறமாங்க?" என்று லிங்கசாமி எழுந்து நின்றுவிட்டார், எட்டு மாதம் முன்பு முட்டி ஆபரேஷன் ஆன மனுஷன். படகு சாய்ந்தது, பெட்டியைப் பிடித்தேன், என் வலது கால் செருப்பு ஏரியோடு போயிற்று. பிடித்த பிடியில் எந்த பட்டனில் விரல் பட்டதோ, எழுத்து எல்லாம் தலைக்கு மேல் வளையம் போட்ட ஏதோ ஒரு தேசத்துப் பாஷைக்கு மாறிவிட்டது. இடம் காட்டும் குறியும் அப்படியே நின்றுவிட்டது. கரைக்கு வந்து மூன்று நாள் ஆகியும் நாங்கள் ஏரியில் இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது.

இலியாஸ் பார்த்துவிட்டு, "ரீசெட் அடிச்சுட்டா சரியாயிருமுங்க. ஆனா உள்ளாற இருக்கறது எல்லாம் போயிரும்" என்றான். அவன் வேறு ஸ்கிரீனை உற்று உற்றுப் பார்த்தான். உடனே துண்டைப் போட்டு மூடி, அவனை வெளியே அனுப்பி, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, புள்ளிகளை நோட்டில் எழுத உட்கார்ந்தோம். ஹபீபுன்னிசா ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாசிப்பாள், நான் எழுதுவேன், அவள் திரும்ப ஒரு தடவை சரிபார்ப்பாள். இப்படி மூன்று நாள், பன்னிரண்டு பக்கம். சீலா மேடு, நண்டு மூலை, வலை கிழிஞ்ச இடம், இனி இந்தப் பக்கம் வராதே என்று என்னென்னவோ பேர் வைத்திருக்கிறீர்கள்! ஏழாம் பக்கத்தில் 'வாப்பா பார்' என்ற கடல் பாறை வந்ததும் அவள் நிறுத்தி, "ஏங்க, அவுங்க வாப்பாவுக்கு ஒரு துஆ செஞ்சிட்டு எழுதுங்க" என்றாள். செய்துவிட்டுத்தான் எழுதினேன். கடைசிப் புள்ளிக்கு 'ஹுமா' என்று பேர் வைத்திருந்தீர்கள். அத்தனை தண்ணிக்கு நடுவில் என் பிள்ளை பேரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்குக் கொடுத்தது சரிதான் என்று அன்றைக்குத்தான் முழுசாக மனசு ஆறியது. ஆனால் பெண்பிள்ளை பேர் நோட்டில் கிடந்து கண்டவர் கண்ணில் படக் கூடாது என்று அதை மட்டும் எழுதாமல் மனப்பாடம் செய்துகொண்டேன். ஆக நோட்டில் நூற்று நாற்பத்து இரண்டு, என் நெஞ்சில் ஒன்று.

பிறகு பிஸ்மி சொல்லி ரீசெட் அடித்தேன். தமிழ் இல்லை, இங்கிலீஷாவது திரும்பி வந்தது. நூற்று நாற்பத்து மூன்றையும் மறுபடி ஏற்றி, மூன்று தடவை சரிபார்த்து, இன்று பஸ் பார்சலில் அனுப்புகிறேன். புது ஃப்யூஸ் போட்டிருக்கிறேன், உபரியாக ரெண்டு டப்பாவில் இருக்கிறது. அதே டப்பாவில் வைத்திருக்கும் வெள்ளித்தாளைக் கடலில் எறியுங்கள், அதற்குள் சுற்றி வந்ததையும் சேர்த்து. புள்ளிகள் என் கையை விட்டு வெளியே போகவில்லை, இலியாஸுக்குத் தெரியாது, லிங்கசாமிக்குத் தெரியாது, ஊட்டிக் குளிருக்குக்கூடத் தெரியாது. மாமா ஒன்றைப் பத்திரமாக வைத்தால் அது எப்படி இருக்கும் என்று உங்கள் ஊருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வலை கனக்கவும், ஹுமா வயிறும் மனசும் குளிரவும், போன படகு போன மாதிரியே கரை திரும்பவும் துஆ செய்யும்,
மாமா,
அப்துல் கஃபார்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு ஹபீபுன்னிசா என் போனை வாங்கிப் பார்த்தாள். நோட்டு தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பன்னிரண்டு பக்கத்தையும் படம் எடுத்து நேற்றே உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைத்திருந்தேன். உங்கள் போட்டோ இருந்த இடத்தில்தான் அனுப்பினேன். கழுத்தில் மாலை, பக்கத்தில் ஹுமா. அது உங்கள் நம்பர் இல்லையாம். 'ஹுமா நிக்காஹ்' குரூப்பாம், இரண்டு வீட்டுச் சொந்தமும் நூற்றுப் பன்னிரண்டு பேராம், பிரியாணி தகராறில் கோபித்துக்கொண்டு நீங்கள் அன்றைக்கே வெளியேறிவிட்டீர்களாம். எனக்கு யார் சொன்னார்கள்? அனுப்பிய ஐந்தாம் நிமிஷம் "மாஷா அல்லாஹ், ஏழாம் பக்கம் மங்கலா இருக்கு, திரும்ப அனுப்புங்க" என்று பதில் வந்தது. மருமகன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்று பூரித்துப்போய், மாடிக்குப் போய், வெயிலில் வைத்து, ஒரு எழுத்து விடாமல் தெளிவாக எடுத்து அனுப்பினேன். கேட்டது உங்கள் சின்ன வாப்பாவாம்.

நோட்டில் ஏறாத 'ஹுமா' மட்டும் உங்களுக்கும் எங்களுக்கும்தான் தெரியும். பதினைந்தாம் தேதி நேராக அங்கே போங்கள். அங்கே மீன் இருக்கும்தானே?